சட்டம் எல்லோருக்கும், சந்தேகம் யார் மீது?

(நம் ஐ.டி. விங் தன்னார்வலர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த இணையவழிப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கலந்துகொள்ள முடியாத தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)



என்னை இன்னைக்கு "ஒரு பதிவை எப்படிச் சரிபார்ப்பது" என்று பேசச் சொன்னார்கள். நான் என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதுதான் நியாயம்.

போன மாதம் ஒரு கொலைச் சம்பவம் பற்றி நம் பக்கத்தில் பதிவு போட்டோம். கீழே ஒருத்தர் கமெண்ட் போட்டார்: "அமெரிக்கா மாதிரி நம்ம ஊர்லயும் எல்லார் இடுப்புலயும் துப்பாக்கி இருந்தா, எவனாவது கிட்ட வருவானா?" அதுக்கு நம்ம ஆட்களே நிறைய பேர் லைக். எனக்குக் கோபம் வந்துச்சு. உடனே பதில் அடிச்சேன்: "அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம். போலீஸ் கேட்கவே முடியாது."

பத்து நிமிஷத்தில் டெக்ஸாஸில் வேலை பார்க்கிற என் கல்லூரி நண்பன் தனியாக மெசேஜ் அனுப்பினான். "டேய், ரெண்டு வரி எழுதியிருக்க, ரெண்டும் தப்பு. எல்லா மாநிலத்துலயும் முடியாது. போலீஸ் கேட்க முடியாதுங்கறதும் முழு உண்மை இல்ல. யாரைக் கேட்கறாங்க, யாரைக் கேட்காம விடறாங்க, அதுதாண்டா இங்க பிரச்சினையே."

கமெண்டை அழிச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் ஆபீஸ் முடிஞ்சு வந்து கோர்ட் தீர்ப்புகளாகத் தேடிப் படிச்சேன். அதில் புரிஞ்சதைத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

முதலில் அடிப்படை. துப்பாக்கியை வெளியே தெரிகிற மாதிரி இடுப்பிலோ தோளிலோ மாட்டிக்கொண்டு பொது இடத்தில் நடப்பதை அங்கே 'ஓப்பன் கேரி' என்கிறார்கள். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்வது 'கன்சீல்டு கேரி'. இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு. மாநிலத்துக்கு மாநிலமும் வேறு.

டெக்ஸாஸை எடுத்துக்குங்க. நீளமான ரைஃபிளைத் தோளில் மாட்டிப் போக அங்கே லைசென்ஸ் தேவைப்பட்டதில்லை. ஆனால் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள 2016 ஜனவரி 1 முதல்தான் அனுமதி, அதுவும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடை இல்லாத ஒருவருக்கு அந்த லைசென்ஸும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதே நாட்டில் இல்லினாய் மாநிலத்தில் ஓப்பன் கேரிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆக, "அமெரிக்காவில்" என்று ஆரம்பித்த என் முதல் வரியே அடிபட்டுப் போச்சு.

இதுக்கெல்லாம் மேலே அவங்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் இருக்கு. 1791இல் வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு இருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதனின் உரிமைதான், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். வீட்டுக்கு வெளியேயும் அந்த உரிமை உண்டு என்று சொன்னது 2022 ஜூனில், புரூயென் வழக்கில். ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். நியூயார்க் மாநிலத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்த கட்டுப்பாடு அந்தத் தீர்ப்பில் போனது.

சரி, உரிமை இருக்கு. இப்போ ஒரு போலீஸ்காரர் இடத்தில் நின்று பாருங்க.

911க்கு ஒரு போன் வருது. "தெருவுல ஒருத்தன் துப்பாக்கியோட நடக்கறான்." நம்ம ஊர் என்றால் அந்த ஒரு வரியே போதும், ஸ்டேஷனே கிளம்பிடும். ஓப்பன் கேரி அனுமதி உள்ள மாநிலத்தில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? சட்டப்படி பார்த்தால், "ஒருத்தர் குடை பிடிச்சுட்டுப் போறார்" என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா அந்தக் குடை சுடும். அதுதான் சிக்கல்.

போலீஸ் ஒருவரை எப்போது தடுத்து நிறுத்தலாம் என்பதற்கு அங்கே அடிப்படைத் தீர்ப்பு 1968இல் வந்த டெர்ரி வழக்கு. ஒஹையோ மாநிலத்திலிருந்து போன வழக்கு. குற்றம் நடக்கப்போகிறது என்று காரணத்தோடு சொல்லக்கூடிய, நியாயமான சந்தேகம் இருந்தால் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். அவரிடம் ஆயுதம் இருக்கிறது, ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால் மேலோட்டமாகத் தடவிச் சோதிக்கலாம். ஆயுதம் வைத்திருப்பதே சட்டப்படி சரி என்று ஆன பிறகு, அதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகப்படலாமா? இந்தக் கேள்விதான் இவ்வளவு வருஷமாகச் சண்டை.

அதே ஒஹையோவிலிருந்து இன்னும் இரண்டு சம்பவம் சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

முதலாவது, டொலீடோ நகரம், 2010 கோடைக்காலம். ஒருவர் மனைவி, மகள், பேரன், நாய் என்று குடும்பத்தோடு தெருவில் நடந்து போகிறார். இடுப்பில் உறைக்குள் கைத்துப்பாக்கி, வெளியே தெரிகிற மாதிரி. பைக்கில் போன ஒருவர் பார்த்துவிட்டு 911ஐ அழைக்கிறார். போலீஸ் வருகிறது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கையில் விலங்கு மாட்டி, அரை மணி நேரம் வண்டிக்குள் உட்கார வைக்கிறார்கள். பிறகு, விவரம் சொல்ல மறுத்தார் என்று ஒரு வழக்கு எழுதி அனுப்புகிறார்கள். அந்த வழக்கும் பின்னால் கைவிடப்பட்டது. அவர் சும்மா இருக்கவில்லை, போலீஸ் மீது வழக்குப் போட்டார். 2015இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்த பிறகு, அதை மட்டும் காரணமாக வைத்து நிறுத்த முடியாது என்று சொன்னது. போலீஸுக்கு இது சங்கடம்தான், ஆனால் முடிவெடுத்தது சட்டமன்றம் என்பதுதான் அதன் சாரம்.

இரண்டாவது, பீவர்கிரீக் நகரம், 2014 ஆகஸ்ட் 5. ஜான் கிராஃபோர்டு என்ற 22 வயது கறுப்பின இளைஞர் வால்மார்ட் கடைக்குள் போனில் பேசிக்கொண்டே நடக்கிறார். கையில் அந்தக் கடையின் அலமாரியிலிருந்தே எடுத்த ஒரு காற்றுத் துப்பாக்கி. மெரினாவில் பலூன் சுடுவோமே, அந்த வகை. கடையில் இருந்த ஒருவர் 911ஐ அழைத்து, ஒருத்தன் துப்பாக்கியை ஆட்களை நோக்கி நீட்டுகிறான் என்கிறார். அவர் சொன்னதும் கடையின் கேமராப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. போலீஸ் உள்ளே வந்தது. சில நொடிகளில் சுட்டது. இளைஞர் இறந்துபோனார். சுட்டவர் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது.

ஒரே மாநிலம். ஒரே 911 எண். உண்மையான துப்பாக்கி வைத்திருந்தவர் உயிரோடு கோர்ட்டுக்குப் போய் உரிமையை நிலைநாட்டினார். விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர் கோர்ட்டுக்குப் போக உயிரோடு இல்லை.

"ரெண்டு சம்பவமும் ஒண்ணு இல்லையே, அங்க ஆட்களை நோக்கி நீட்டறான்னு சொன்னாங்களே" என்று நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. போன் வந்ததற்குக் காரணம் வேறுதான். நான் கேட்பது அடுத்த கேள்வி: நின்று பார்க்கவும், விசாரிக்கவும், பேசவும் எடுத்துக்கொண்ட நேரம் யாருக்கு எவ்வளவு?

இன்ஜினியரிங் படிச்ச நண்பர்களுக்கு இது சீக்கிரம் புரியும். ஒரு அலாரம் இருக்குன்னு வச்சுக்குங்க. அதுக்கு ஒரே ஒரு சென்சார். 'துப்பாக்கி தெரிகிறதா, இல்லையா?' ஒரு நாள் சட்டம் வந்து, "இனி துப்பாக்கி தெரிந்தால் அது குற்றத்தின் அடையாளம் இல்லை" என்கிறது. சென்சார் உபயோகமில்லாமல் போச்சு. ஆனா அலாரத்தைக் கழற்ற முடியாது. அந்தப் போலீஸ்காரர் சில நொடிகளில் நல்லவரா கெட்டவரா என்று முடிவு எடுத்தே ஆகணும். அப்போ எதைப் பார்ப்பார்? முகத்தை, உடையை, ஏரியாவை, தோலின் நிறத்தை. சட்டப் புத்தகத்தில் நிறம் என்ற வார்த்தையே இல்லாவிட்டாலும், நடைமுறையில் அது உள்ளே வருவது இந்த வழியாகத்தான்.

இது நானாகச் சொல்லும் கதை இல்லை. 2015இல் டெக்ஸாஸ் சட்டமன்றத்தில் இதே பயம் பேசப்பட்டது. ஓப்பன் கேரி மசோதா வந்தபோது, துப்பாக்கி தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போலீஸ் ஒருவரை நிறுத்தி லைசென்ஸ் கேட்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் ஹூஸ்டனைச் சேர்ந்த கறுப்பின ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஹெரால்டு டட்டன். இன்னொரு பக்கம் டாலஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சி செனட்டர் டான் ஹஃபைன்ஸ். அரசியலில் எதிரும் புதிருமான ரெண்டு பேர். டட்டனுக்குக் கவலை, போலீஸ் நிறம் பார்த்து நிறுத்தும் என்று. ஹஃபைன்ஸ் தரப்புக்குக் கவலை, துப்பாக்கி உரிமையில் அரசு கை வைக்கும் என்று. காவல்துறைத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. கேட்கவே கூடாது என்றால் லைசென்ஸ் எதுக்கு என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கு இல்லையா? கடைசியில் திருத்தத்தை எடுத்துவிட்டுத்தான் மசோதா நிறைவேறியது.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. டொலீடோ தீர்ப்பு வந்து இரண்டு வருஷத்தில், 2017இல், நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா வழக்கு ஒன்றில் வேறு மாதிரி சொன்னது. வேறு ஏதாவது சட்டப்படியான காரணத்துக்கு நிறுத்திவிட்டால், அவரிடம் துப்பாக்கி இருப்பதே அவரை ஆபத்தானவராகக் கருதித் தடவிச் சோதிக்கப் போதும், அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும் சரி என்றது. அந்த வழக்கில் நிறுத்தக் காரணம் என்ன தெரியுமா? சீட் பெல்ட் போடவில்லை. யாரை எந்தச் சின்னக் காரணத்துக்கு நிறுத்துவது என்பது ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரின் கையில்தான் இருக்கு. சுத்தி வந்து மறுபடியும் அதே இடத்துக்கு வந்துட்டோம் பாருங்க.

இதன் பழைய வேரையும் பார்த்துடலாம். 1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம் இல்லை. கறுப்பின மக்களைப் போலீஸ் எங்கே நிறுத்தினாலும், இவர்கள் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகச் சற்றுத் தள்ளி நின்று கண்காணித்தார்கள். உடனே டான் மல்ஃபோர்டு என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் அதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2 அன்று சுமார் முப்பது பாந்தர்கள் ஆயுதத்தோடு சாக்ரமெண்டோ தலைமைச் செயலகத்துக்குள்ளேயே போனார்கள். பிறகு அவர்களில் பலர் கைதானார்கள். மசோதா வேகமெடுத்தது. ஜூலையில் கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்டு ரீகன். துப்பாக்கி உரிமைக்காக இன்று நாடு முழுக்கக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் அன்று அந்தத் தடையை ஆதரித்தது.

இப்போ 2020 ஏப்ரல் 30க்கு வாங்க. மிச்சிகன் மாநிலத் தலைநகர் லான்சிங். கொரோனா ஊரடங்கை எதிர்த்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் ரைஃபிள்களோடு சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள். செனட் அவைக்கு மேலே உள்ள மாடத்தில் சிலர் துப்பாக்கியோடு நின்றார்கள். கீழே உறுப்பினர்களில் சிலர் குண்டு துளைக்காத உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய மாநில விதிப்படி துப்பாக்கியோடு உள்ளே வருவது தப்பில்லை. அந்தக் கட்டடத்துக்குள் ஓப்பன் கேரிக்குத் தடை வந்தது 2021 ஜனவரியில்தான். முதல் சம்பவத்துக்கும் தடைக்கும் இடையே மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் எட்டு மாதத்துக்கு மேல் ஆனது.

இனி நம்ம வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். இதை ஐ.டி. விங் நண்பர்கள் கண்டிப்பா மனசுல வச்சுக்கணும்.

2016 ஜூலை 6. மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர், காரில் போகும்போது நிறுத்தப்படுகிறார். அவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே போலீஸிடம் சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டார். பக்கத்து சீட்டில் தோழி, பின் சீட்டில் அவருடைய நாலு வயசு மகள். அடுத்த நிமிடங்களை அந்தத் தோழி ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினார். சுட்ட அதிகாரியை 2017 ஜூனில் ஜூரி விடுவித்தது.

மறுநாள் ஜூலை 7. அதைக் கண்டித்தும், லூசியானாவில் நடந்த இன்னொரு சாவைக் கண்டித்தும் டாலஸில் பேரணி. டெக்ஸாஸ் இல்லையா, சிலர் சட்டப்படி ரைஃபிள்களோடு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவன் போலீஸைக் குறிவைத்துச் சுட ஆரம்பித்தான். ஐந்து போலீஸார் உயிரிழந்தார்கள். அந்தக் குழப்பத்தில் டாலஸ் காவல்துறை, தோளில் ரைஃபிளோடு நடந்த ஒரு கறுப்பின இளைஞரின் படத்தை ட்விட்டரில் போட்டு, இவரைத் தேடுகிறோம் என்று அறிவித்தது. படம் உலகம் முழுக்கப் பரவியது. அவர் குற்றவாளியே இல்லை. தன் துப்பாக்கியைத் தானே ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, விசாரணைக்கும் போய் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகும் அந்தப் பதிவு பல மணி நேரம் நீக்கப்படாமல் கிடந்தது.

அந்தப் படத்தை ஷேர் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். யோசிச்சுப் பாருங்க, துப்பாக்கி ஏந்திய ஒருவர் "இவன்தான் கொலையாளி" என்ற படத்தோடு தெருவில் நிற்கிறார். எந்தப் போலீஸ்காரர் கண்ணில் முதலில் பட்டாலும் என்ன நடந்திருக்கும்? நம்ம ஒரு விரல் தட்டல் அவ்வளவு தூரம் போகும்.

போலீஸ் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு டாலஸ் காவல்துறைத் தலைவராக இருந்த டேவிட் பிரவுன் தானே ஒரு கறுப்பினத்தவர். எல்லார் தோளிலும் ரைஃபிள் தொங்கும்போது, சுடும் சத்தம் கேட்டால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். சட்டம் எழுதியவர்கள் ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதன் சுமையை நடுத்தெருவில் நிற்கும் காவலர் தலையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுமை அங்கிருந்து யார் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

நம்ம நாட்டிலும் இந்த உரிமை பேசப்பட்டதுண்டு. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அந்த அவமானத்தின் நினைவில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. இன்று நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை, அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை. நாம் தெருவில் கொடி பிடித்து நிற்பது அந்த "ஆயுதமின்றி" என்ற வார்த்தையின் பலத்தில்தான். நம் கையில் ஆயுதம் இல்லை என்பது தெரிந்த பிறகும் ஒரு காவலர் லத்தியை ஓங்கினால், கேள்வி கேட்கும் தார்மீக பலம் நமக்கு இருக்கு.

அதனால் "எல்லார் இடுப்புலயும் துப்பாக்கி இருந்தா" என்று கேட்ட அந்த நண்பருக்கு, இப்போ நிதானமாகப் பதில் சொல்றேன். எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி வரலாம் அண்ணே. ஆனா பார்க்கிற கண்ணு எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காது. யாரை ஏற்கனவே சந்தேகமாகப் பார்க்கிறார்களோ, அவங்க இடுப்பில் இருக்கும் துப்பாக்கி அவங்களைக் காப்பாற்றாது. சுடுவதற்கு ஒரு காரணமாகத்தான் போய் முடியும். நம்ம ஊரில் யாரை அப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லணுமா?

கடைசியா நம் குழுவுக்கு மூணே மூணு விஷயம். ஒண்ணு, "அமெரிக்காவில்" என்று எழுதாதீங்க. எந்த மாநிலம், எந்த வருஷம் என்று கேட்டுக்குங்க. ரெண்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்தாதீங்க. அது தெருவில் யார் மேல் எப்படிப் பாய்கிறது என்றும் தேடுங்க. மூணு, சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போது யாருடைய படத்தையும் குற்றவாளி என்று பகிராதீங்க. போலீஸே போட்டிருந்தாலும் சரி.

என் நண்பன்கிட்ட போன வாரம் மறுபடியும் பேசினேன். அவன் எச்1பி விசாவில் இருக்கான். அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் சில விதிவிலக்குகள் தவிரத் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. "நான் வாங்கவும் முடியாது, எனக்கு வேண்டவும் வேண்டாம். ஆனா கார்ல போறப்போ பின்னாடி போலீஸ் லைட் எரிஞ்சா, ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேல வச்சு, விரலை விரிச்சுக் காட்டணும்னு முதல் வாரமே சீனியர் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸ் எடுக்கறதுக்குக்கூட சொல்லிட்டுத்தான் கையை நகர்த்துவேன்" என்றான்.

துப்பாக்கியே இல்லாதவன் இப்படி விரலை விரிச்சு உட்கார வேண்டியிருக்கு. அழித்துவிட்ட என் கமெண்டுக்குப் பதிலாக இதைத்தான் அன்னைக்கு எழுதியிருக்கணும்.